அல்சூர் மாடி வகுப்பு: லினக்ஸ் டிரைவர் படிக்க ஆறு ஞாயிற்றுக்கிழமை

இந்த வகுப்புக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பெங்களூரு அல்சூர் மெட்ரோவில் இறங்கிக் கடைத்தெருப் பக்கம் நடந்தால், பாத்திரக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே குறுகலான ஒரு மாடிப்படி. இரண்டாவது மாடியில் ஒரே அறை. எட்டு மேசை, மேசைக்கு ஒரு பீகிள்போன் பிளாக் போர்டு (லினக்ஸ் ஓடும் சின்னக் கணினி), எல்லாருக்கும் சேர்த்து மின்னலைகளைத் திரையில் காட்டும் ஒரு ஆசிலோஸ்கோப். ஆறு ஞாயிற்றுக்கிழமை, காலை 9.30 முதல் மதியம் 2 வரை. கட்டணம் 12,000 ரூபாய். நடத்துபவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அல்சூர்த் தமிழர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சார் என்றே எழுதுகிறேன். நாங்கள் கூப்பிடுவதும் அப்படித்தான்.

சொல்லித்தருவது ஒரே விஷயம். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் ஒரு டிவைஸ் டிரைவர் (ஒரு சாதனத்தை இயக்கும் புரோகிராம்) இன்னொரு டிவைஸ் டிரைவரின் ஃபங்ஷனை எப்படிக் கூப்பிடுவது, கூப்பிட்ட பிறகு யார் யாருக்குப் பொறுப்பு. இதற்கு ஆறு வாரமா என்று நானும் முதலில் நினைத்தேன். இப்போது ஏழாவது வாரம் ஒன்று இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது.

என் நிலைமையைச் சொன்னால்தான் நான் எதை வைத்து மதிப்பிடுகிறேன் என்று புரியும். நான் கே.ஜி.எஃப்.காரி, அதாவது கோலார் தங்கவயல். கே.ஆர்.புரத்தில் குடியிருக்கிறேன். மின்சார ஆட்டோவுக்கு டிஸ்ப்ளே போர்டு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் ஃபர்ம்வேர் வேலை. போன வருஷம் வரை மைக்ரோகன்ட்ரோலர்தான். அதில் எல்லாம் ஒரே புரோகிராம், எந்த ஃபங்ஷனையும் எங்கிருந்தும் கூப்பிடலாம். லினக்ஸுக்கு மாறிய பிறகும் அதே கையோடு எழுதினேன். பேட்டரி எத்தனை சதவீதம் என்று சொல்லும் கேஜ் சிப்புக்கு ஒரு டிரைவர், திரைக்கு ஒரு டிரைவர். திரை டிரைவர் நேரே கேஜ் டிரைவரின் ஃபங்ஷனைக் கூப்பிட்டு எண்ணை வாங்கிக் காட்டும். மேசையில் நன்றாக ஓடியது. 40 போர்டு தயாரானதும், ஆன் செய்யும்போது இரண்டு மூன்று போர்டு திரையே வராமல் செத்துக் கிடந்தன. மறுபடி ஆன் செய்தால் அவை எழுந்துவிடும், வேறு இரண்டு விழும். மூன்று வாரம் தூக்கமில்லை.

அதற்கு முன்னால் ஒரு பயிற்சி நிலையத்தில் மூன்று மாதம் பணம் கட்டிப் படித்திருந்தேன். அங்கே கர்னல் மாட்யூல் (ஓடும் கர்னலில் ஏற்றி இறக்கக்கூடிய துண்டு) என்றால் ஹலோ வேர்ல்டு, அடுத்தது கேரக்டர் டிரைவர், அதோடு சான்றிதழ். இரண்டு டிரைவர் சந்திக்கும் இடம் அந்தப் பாடத்திட்டத்திலேயே இல்லை. உண்மையான போர்டில் வரும் வேலையில் பாதி அந்தச் சந்திப்பில்தான் இருக்கிறது.

இந்த வகுப்பின் நான்காவது ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போர்டின் பி9 வரிசையில் 19, 20 ஆம் பின்களில் ஐ2சி (சிப்புகள் இரண்டு வயரில் பேசிக்கொள்ளும் முறை) வழியாக வெப்பநிலை அளக்கும் ஒரு பிஎம்பி280 சென்சார் கட்டியிருக்கும். அதற்கு ஒரு டிரைவர். அதைக் கூப்பிட்டு வெப்பநிலையை வாங்கி எல்.இ.டி.யை எரியவிடுவது இன்னொரு டிரைவர். முதல் ஆளை சார் 'கொடுக்கறவர்' என்பார், இரண்டாம் ஆளை 'வாங்கறவர்'. கர்னல் ஆவணங்களிலும் சப்ளையர், கன்சூமர் என்றேதான் இருக்கிறது.

அன்றைக்கு முதலில் கொடுக்கறவரை ஆர்எம்மாட் செய்து வெளியே எடுக்கச் சொன்னார். கர்னல் மறுத்தது. அந்த மாட்யூலை வாங்கறவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார் என்று பெயரோடு சொன்னது. காரணம் தெரிந்ததே: ஒரு மாட்யூல் இன்னொன்றின் எக்ஸ்போர்ட் ஆன சிம்பலை, அதாவது வெளியே திறந்துவிட்ட ஃபங்ஷன் பெயரை, பிடித்துக்கொண்டு ஏறினால், ஏறும்போதே கர்னல் அந்தச் சார்பைக் குறித்து வைத்துக்கொள்ளும். மேலே இருக்கிறவர் இறங்காமல் கீழே இருக்கிறவரை எடுக்க முடியாது. நாங்கள் எட்டு பேரும் இது பாதுகாப்பானது என்று நோட்டில் எழுதிக்கொண்டோம்.

"எழுதியாச்சா? இப்ப பாருங்க" என்றார் சார். டிவைஸ்களையும் டிரைவர்களையும் கோப்புகளாகக் காட்டும் சிஸ்-எஃப்எஸ்ஸில் அந்த டிரைவரின் அடைவுக்குப் போய், அன்பைண்ட் கோப்பில் சென்சாரின் பெயரை எழுதினார். கர்னல் ஒரு வார்த்தை பேசவில்லை. மாட்யூல் நினைவகத்தில் அப்படியே இருக்கிறது, எல்எஸ்மாட் கொடுத்தால் தெரிகிறது. ஆனால் சென்சாருக்கும் டிரைவருக்கும் இருந்த உறவு அறுந்துவிட்டது. ப்ரோப்பில், அதாவது டிவைஸோடு சேரும்போது டிரைவர் அதைத் தயார்செய்யும் கட்டத்தில், ஒதுக்கிய நினைவகம் விடுவிக்கப்பட்டுவிட்டது. வாங்கறவர் கையில் இருப்பது போன ஆளின் விலாசம்.

நான் உடனே விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. திரையில் 27 டிகிரி என்று வந்துகொண்டே இருந்தது. சார் சென்சார் மேல் விரலை வைத்தார். 29, 30, 31. சரியான எண்! விடுவித்த இடத்தை வேறு யாரும் எடுக்காதவரை பழைய விவரம் அங்கேயே கிடக்கும், அதை வைத்து ஐ2சி பேச்சுவார்த்தையும் நடக்கும். யாரும் பேசவில்லை. பிறகு அவர் வேறு இரண்டு மாட்யூல்களை ஏற்றினார், ஒரு பெரிய கோப்பை நகலெடுத்தார். மூன்றாவது நிமிடம் போல கர்னல் ஓப்ஸ் என்ற விபத்துச் செய்தி, சீரியல் திரை முழுக்க ரெஜிஸ்டர் எண்கள்.

"சிம்பலைப் பிடிச்சா புரோகிராம் போகாது. சாமான் போயிடும். ரெண்டும் வேற வேற உயிரும்மா."

அந்த இடத்தில் எனக்கு அப்பா ஞாபகம் வந்தார். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பேங்க்ஸ்மேன். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. ஷாஃப்ட் வாயில் நின்று, ஆள் போகும் கூண்டை ஏற்றவும் இறக்கவும் வைண்டிங் என்ஜின் டிரைவருக்கு மணி அடிப்பது அப்பாவின் வேலை. 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடும்வரை பார்த்தார். மணி அடிக்கிறவனுக்கு ஒரே கவலை என்பார்: என்ஜின் எங்கேயும் போகாது, ஆனால் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாரா? நான் எழுதிய திரை டிரைவர் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. என்ஜின் இருக்கிறது என்று நம்பி மணி அடித்துக்கொண்டே இருந்தது.

என் 40 போர்டு பிரச்சினை இதன் மறுபக்கம் என்று அதற்கு முந்தைய வாரமே தெரிந்துவிட்டது. மாட்யூல் சார்பு ஒன்றை மட்டும் உறுதி செய்கிறது: கொடுக்கறவரின் மாட்யூல் முன்னால் ஏறியிருக்கும். அவருடைய ப்ரோப் முடிந்திருக்கும் என்று அது சொல்லவே இல்லை. ஐ2சி கன்ட்ரோலர் எழுந்த பிறகுதான் கேஜ் சிப்புக்கு ப்ரோப் நடக்கும். அதற்குள் திரை டிரைவர் கூப்பிட்டுவிட்டால் அங்கே விலாசம் இருக்கவேண்டிய பாயிண்டர் இன்னும் காலி. சில போர்டில் கன்ட்ரோலர் முந்தும், சில போர்டில் திரை முந்தும். மூன்று வாரம் நான் சாலிடரிங்கைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இதற்கு வழி கர்னலில் 2012 முதலே இருக்கிறது, 3.4 பதிப்பில் வந்தது. கொடுக்கறவர் இன்னும் தயாரில்லை என்றால், வாங்கறவர் தன் ப்ரோப்பிலிருந்து இ-ப்ரோப்-டிஃபர் என்ற பிழை எண்ணைத் திருப்பித் தரவேண்டும், மைனஸ் 517. கர்னல் அந்த டிவைஸைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டுவைத்து, வேறு ஏதாவது டிரைவர் வெற்றிகரமாக ப்ரோப் ஆனதும் மறுபடி முயற்சி செய்யும். யார் யார் காத்திருக்கிறார்கள் என்று பிழை தேடுவதற்கென்று கர்னல் காட்டும் டீபக்-எஃப்எஸ் கோப்புகளில் பார்க்கலாம். சார் வேண்டுமென்றே சென்சார் வயரைக் கழற்றிவிட்டு, வாங்கறவர் அந்தப் பட்டியலில் உட்கார்ந்திருப்பதைக் காட்டினார். வயரை மாட்டிக் கொடுக்கறவரை பைண்ட் செய்ததும் பட்டியல் காலியாகி எல்.இ.டி. எரிந்தது. திங்கட்கிழமை ஆபீஸில் நான் சேர்த்தது நான்கே வரி.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிழைச்செய்திகள்தான், புதிதாக வருகிறவர்கள் அதிகம் திணறுவதும் அங்கேதான். எதையும் சார் முன்கூட்டிச் சொல்வதில்லை, விழவிட்டுத்தான் சொல்வார். ஹெடர் கோப்பில் ஃபங்ஷனை அறிவித்துவிட்டால் கம்பைல் ஆகிவிடும், ஆனால் மாட்யூலுக்கு வேண்டிய பெயர்களைச் சரிபார்க்கும் மாட்போஸ்ட் கட்டத்தில் 'அன்டிஃபைன்டு' என்று நிற்கும். ஸ்டேட்டிக் இல்லாத ஃபங்ஷன் என்பது மட்டும் போதாது, எக்ஸ்போர்ட்-சிம்பல் போட்டால்தான் வெளியே தெரியும். போட்ட பிறகும் நிற்கும், ஏனென்றால் இரண்டு மாட்யூலும் வேறு வேறு அடைவில் இருக்கின்றன. எக்ஸ்போர்ட் ஆன பெயர்களின் பட்டியலாக முதல் மாட்யூல் உருவாக்கிய சிம்வெர்ஸ் கோப்பு எங்கே இருக்கிறது என்று இரண்டாவதன் மேக்ஃபைலில் கே-பில்டு-எக்ஸ்ட்ரா-சிம்பல்ஸ் மூலம் காட்டவேண்டும். அதுவும் முடிந்து, இன்ஸ்மாட் கட்டளையால் ஏற்றினால் 'அன்நோன் சிம்பல்', மைனஸ் 2. இன்ஸ்மாட் சார்பைத் தேடிப் போகாது. மாட்ப்ரோப்தான் டெப்மாட் எழுதிவைத்த பட்டியலைப் பார்த்து இரண்டையும் வரிசையாக ஏற்றும். இந்த நான்கு இடத்திலும் நான் விழுந்தேன். என் பக்கத்து மேசையில் ஓசூரிலிருந்து வரும் தம்பியும் விழுந்தான். இப்போது செய்தியைப் பார்த்தாலே எந்தக் கட்டம் என்று இருவருக்கும் தெரியும்.

அந்தத் தம்பி ஒரு குறுக்குவழி கொண்டுவந்தான். எக்ஸ்போர்ட் ஆகாத ஃபங்ஷனையும் அதன் பெயரை வைத்துக் கர்னலின் பெயர்ப் பட்டியலான கால்சிம்ஸ் மூலம் விலாசம் தேடிக் கூப்பிடுவது. சார் தடுக்கவில்லை, முயற்சி செய்யவிட்டார். வகுப்புப் போர்டுகளில் 5.10 கர்னல். 2020இல் வந்த 5.7 பதிப்பிலேயே அந்தத் தேடல் ஃபங்ஷனை மாட்யூல்களுக்குக் கிடைக்காமல் எடுத்துவிட்டார்கள், எனவே அதுவும் அன்டிஃபைன்டு என்று நின்றது. எக்ஸ்போர்ட் செய்யாதது மறதியால் அல்ல, அந்த ஃபங்ஷனை எழுதியவர் அதை நாளைக்கே மாற்ற உரிமை வைத்துக்கொண்டிருக்கிறார் என்று விளக்கினார். லினக்ஸ் கர்னலின் திறந்த உரிமமான ஜிபிஎல் பெயரில் முடியும் எக்ஸ்போர்ட் வகையும் அப்போதுதான் வந்தது. மாட்யூலின் உரிமம் ஜிபிஎல்லுடன் ஒத்துப்போகாவிட்டால் அந்தச் சிம்பல்கள் கிடைக்காது. உரிம விஷயத்தை இவ்வளவு நேரடியாக வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இரண்டு டிரைவரும் ஒருவரையொருவர் கூப்பிட்டால்? டெப்மாட் சுழற்சி என்று கத்தும், எதை முதலில் ஏற்றுவது என்று யாருக்கும் தெரியாது. நடுவில் மூன்றாவதாக ஒரு மாட்யூல் வைத்து, இருவரும் அதில் பதிவு செய்துகொள்ளவேண்டும். இதை சார் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார், அது போதுமானதாகவும் இருந்தது.

ஐந்தாவது வாரத்தில் ஒரு டைமர். வாங்கறவர் ஒவ்வொரு விநாடியும் வெப்பநிலை கேட்கவேண்டும் என்றதும் நாங்கள் எல்லாரும் கர்னல் டைமர் போட்டு, அதன் கால்பேக்கிலிருந்து (நேரம் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) கொடுக்கறவரைக் கூப்பிட்டோம். 'ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்' என்று எட்டு மேசையிலும் ஒரே நேரத்தில் வந்தது. டைமர் கால்பேக் தூங்கக்கூடாத இடம். ஐ2சி பரிமாற்றமோ பதில் வரும்வரை தூங்கும். கொடுக்கறவரின் ஃபங்ஷனுக்குப் பெயரும் ஆர்க்யுமென்டும் மட்டும் இல்லை, எங்கிருந்து கூப்பிடலாம் என்ற நிபந்தனையும் உண்டு. அதை ஹெடரில் யாரும் எழுதிவைப்பதில்லை, கமெண்டாக எழுதுங்கள் என்றார். மைட்-ஸ்லீப் என்ற ஒரு வரியை ஃபங்ஷனின் தொடக்கத்தில் போடுங்கள், தப்பான இடத்திலிருந்து கூப்பிட்டால் டீபக் கர்னல் அதுவாகவே சொல்லும் என்றும் காட்டினார். வேலையைத் தூங்க அனுமதி உள்ள வொர்க்-க்யூவுக்கு மாற்றியதும் சரியானது. நான் இப்போது ஆபீஸில் எழுதும் ஒவ்வொரு எக்ஸ்போர்ட் ஃபங்ஷனுக்கும் மேலே 'தூங்கும்' அல்லது 'தூங்காது' என்று எழுதுகிறேன்.

குறைகளையும் சொல்லவேண்டும். ஆறாவது ஞாயிற்றுக்கிழமையில் அடைத்திருக்கும் பாடம் மிக அதிகம். டிவைஸ் லிங்க், ஆக்சிலரி பஸ், பவர் சப்ளை ஃப்ரேம்வொர்க் எல்லாம் கடைசி இரண்டு மணி நேரத்தில் ஓடுகிறது. இவைதான் நாம் கடைசியில் பயன்படுத்தப்போகிறவை! டிவைஸ் லிங்க் 2017இலேயே 4.10 கர்னலில் வந்துவிட்டது. வாங்கறவரையும் கொடுக்கறவரையும் அதில் கட்டிவிட்டால், கொடுக்கறவர் அன்பைண்ட் ஆகும் முன் கர்னலே வாங்கறவரை முதலில் அன்பைண்ட் செய்துவிடும். சஸ்பெண்ட் ஆகும்போதும் அதே வரிசை. நான்காவது வாரம் எங்களை உலுக்கிய பிரச்சினைக்கு நேரான மருந்து இது. அதற்கு இரண்டு வாரம் காத்திருக்கவைத்தது சரியில்லை என்று சாரிடமே சொன்னேன். வலி இருக்கும்போது இரண்டு வாரம் யோசிக்கட்டும் என்று விட்டேன் என்றார். எனக்கு இன்னும் அது சம்மதமில்லை. ஆபீஸில் ஓடும் போர்டு இருக்கிறவர்களுக்கு இரண்டு வாரம் நீளம்.

குறிப்புகள் கையெழுத்தில்தான், ஜெராக்ஸ் நகல். எழுத்து அழகு, ஆனால் புரோகிராம் வரிகளைத் தேட முடியாது. சான்றிதழ் கிடையாது, வேலை வாங்கித் தருவதாகவும் சொல்வதில்லை. அது வேண்டும் என்பவர்கள் வேறு இடம் பார்க்கலாம். மதியத்துக்கு மேல் அறை சூடாகிவிடுகிறது. மூன்றாவது வாரம் கரண்ட் போய் ஒரு மணி நேரம் வீணானது, யு.பி.எஸ். எட்டு போர்டுக்கு மட்டும்தான் தாங்கும், லேப்டாப் சார்ஜோடு வாருங்கள். விண்டோஸ் பக்கம் இருப்பவர்களுக்கு அரை மணி நேரம்தான்: அங்கே ஒரு டிரைவர் இன்னொன்றை ஐஆர்பி என்ற கோரிக்கையை அனுப்பிக் கூப்பிடும், நேரடி ஃபங்ஷன் பாயிண்டர் வேண்டுமானால் க்வெரி இன்டர்ஃபேஸ் கேட்டு வாங்கும் என்ற அளவோடு நின்றுவிடும்.

எட்டு பேரில் ஐந்து பேர் தமிழ், இருவர் கன்னடம், ஒருவர் தெலுங்கு. சார் மூன்றிலும் பேசுவார், பிழைச்செய்தியை மட்டும் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்கவைப்பார். நாங்கள் நான்கு பெண்கள். கேள்வி கேட்டால் முகம் சுளிக்காத இடம் என்பதை இங்கே தனியாக எழுதுவது அவசியம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நான் முன்பு படித்த இடம் அப்படியில்லை.

யாருக்கு ஏற்றது? சி மொழியில் பாயிண்டர் தடுமாறாமல் வரவேண்டும், ஒரு மாட்யூலாவது கட்டி ஏற்றியிருக்கவேண்டும். அது இல்லாமல் வந்தால் இரண்டாவது வாரமே கஷ்டம். சொந்தமாகச் சென்சார் வாங்கிவர விரும்பினால் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். வாங்கியதும் சிப்பின் அடையாள எண் இருக்கும் டி0 ரெஜிஸ்டரை வாசித்துப் பாருங்கள். ஹெக்ஸில் 58 வந்தால் பிஎம்பி280, 60 வந்தால் ஈரப்பதமும் சொல்லும் பிஎம்இ280. எனக்கு ஒரு கடையில் இரண்டாவதன் விலைக்கு முதலாவதைக் கொடுத்துவிட்டார்கள், இந்த வாசிப்பில்தான் தெரிந்தது. ஜன்னலோர மேசைகளில் காற்றும் வரும், சீரியல் கேபிளும் நன்றாக இருக்கும். 9.15க்கே போய்விடுங்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்த ஒன்று ஆறாவது வாரத்துக்காகக் குறைத்தது.

வகுப்பு முடிந்த பிறகு ஆபீஸ் டிரைவர்களைத் திரும்ப எழுதினேன். கேஜ் டிரைவர் இப்போது எந்த ஃபங்ஷனையும் எக்ஸ்போர்ட் செய்வதில்லை. பேட்டரி விவரங்களுக்காகக் கர்னலே வைத்திருக்கும் பவர் சப்ளை ஃப்ரேம்வொர்க்கில் தன்னைப் பதிவு செய்துகொள்கிறது. திரை டிரைவர் அந்த ஃப்ரேம்வொர்க்கிடம் பெயர் சொல்லி வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கிறது. ஒரு போர்டை மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தானே ரீபூட் ஆகும்படி வைத்து ஐந்து நாள் விட்டேன். 2,400 முறை எழுந்தது, ஒரு தடவை கூடத் திரை வராமல் போகவில்லை. லாகைப் படம் எடுத்து சாருக்கு அனுப்பினேன். ராத்திரி பத்து மணிக்குப் பதில் வந்தது.

"சந்தோஷம்மா. ஓடும்போது அன்பைண்ட் பண்ணிப் பாத்தியா?"

"பாத்தேன் சார். டிவைஸ் இல்லைன்னு மைனஸ் 19 வந்துது, திரையில எண்ணுக்குப் பதிலா கோடு மட்டும் காட்டுது. போர்டு விழல."